கேளுங்க சார்: கிழட்டு ஜெட்டின் தனி ஆட்டம்

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படைக் காட்சிக்கு, சேலத்தில் இருந்து ராத்திரி ரயிலேறிப் போய்க் கழுத்து வலியோடு திரும்பிய கதையைப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். கூட்டமாகப் பறப்பதைவிட ஒற்றை விமானம் போடும் ஆட்டம்தான் எனக்குப் பிடிக்கும், அதிலும் பழைய பயிற்சி ஜெட் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்றும் அதில் சொல்லியிருந்தேன். அதற்குப் போய் இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சரி, மேட்டூர் தண்ணீரும் மாங்காய் விலையும் இந்த வாரம் ஓரமாக இருக்கட்டும்.

அம்மாபேட்டை வாசகர்: செல்போனில் ஒரு வீடியோ வந்தது. இங்கிலாந்தாம். நேரான இறக்கை, உருண்டை மூக்கு, காரில் உட்காருவது போல இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இடம். அறுபது வருஷப் பழசு என்கிறார்கள், ஆனால் தனியாகக் குட்டிக்கரணம் போடுகிறது. இது போருக்குப் போனதா, பாடம் சொல்லிக்கொடுத்ததா? எப்படி இந்த வித்தைக்கு வந்தது?

நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது ஜெட் ப்ரோவோஸ்ட்டாகத்தான் இருக்கும். பாடம் சொல்லிக்கொடுத்த விமானம்தான். ப்ரோவோஸ்ட் என்று ஒரு காற்றாடி விமானம் ஏற்கனவே பயிற்சியில் இருந்தது, அதில் காற்றாடியைக் கழற்றிவிட்டு ஜெட் இன்ஜினை வைத்தால் என்ன என்று லூட்டன் நகரத்து ஹண்டிங் பெர்சிவல் கம்பெனிக்கு யோசனை வந்தது. 1954 ஜூன் 26-ல் முதல் பறப்பு. அதுவரை பையன்கள் காற்றாடி விமானத்தில் கற்றுக்கொண்டு அப்புறம்தான் ஜெட்டுக்குப் போவார்கள். முதல் நாளில் இருந்தே ஜெட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று 1955-ல் ஹல்லாவிங்டன் பயிற்சிப் பள்ளியில் சோதித்துப் பார்த்தார்கள், சரியாக வந்தது, பிறகு ஆயிரக்கணக்கான பைலட்டுகள் அதில்தான் தேறினார்கள். 1993 வரை இங்கிலாந்து விமானப்படையில் ஓடியது.

இதன் இன்ஜின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வைப்பர் என்று பெயர். அதை முதலில் செய்தது மனிதர் ஏறும் விமானத்துக்கே இல்லை. ஆஸ்திரேலியாவின் ஜிண்டிவிக் என்ற ஆளில்லாக் குறி விமானத்துக்கு, அதாவது ஏவுகணைக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்காகப் பறக்கும் பலியாட்டுக்கு. எப்படியும் சுட்டு விழப்போகிறது, பத்து மணி நேரம் ஓடினால் போதும் என்ற கணக்கில் செய்த இன்ஜின். அதையே நீண்ட நாள் உழைக்கிற மாதிரி மாற்றி எடுத்தபோது உலகம் முழுக்கப் பயிற்சி விமானங்களுக்குள் புகுந்துவிட்டது. நம் நாட்டுப் பயிற்சி ஜெட்டான கிரண் உட்பட. அதற்குப் பிறகு வருகிறேன்.

வித்தைக்கு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். வெளியில் இருந்து யாரும் வந்து கற்றுத்தரவில்லை. பயிற்சிப் பள்ளி ஆசிரியர்கள் நாள் முழுக்க மாணவனுக்கு லூப் (செங்குத்து வட்டம்), ரோல் (உருளல்), ஸ்பின் (சுழல் விழுகை) என்று காட்டிக்கொண்டே இருப்பார்கள், கை அதிலேயே பழகிப் போயிருக்கும். அவர்களில் கெட்டிக்காரர் ஒருவர் விழாவில் தனியாக ஆடிக் காட்டுவார், நாலைந்து பேர் சேர்ந்தால் அணி. ஜெட் ப்ரோவோஸ்ட்டை சிவப்பு பெயின்ட் அடித்து ரெட் பெலிகன்ஸ் என்று அணி நடத்தினார்கள். 1964-ல் நாட் பயிற்சி விமானங்களை மஞ்சளாக்கி யெல்லோஜாக்ஸ் என்ற அணி, அடுத்த வருஷமே அந்த வழியில் ரெட் ஆரோஸ். இன்று உலகமே அறிந்த ரெட் ஆரோஸ் 1979 வரை பறந்தது அந்த நாட் விமானத்தில்தான், பிறகுதான் ஹாக் என்ற பயிற்சி ஜெட். பிரான்ஸ் ஃபூகா மேஜிஸ்டர், கனடா டியூட்டர், இத்தாலி எம்.பி. 339 என்று யார் வீட்டைப் பார்த்தாலும் சாகச விமானம் என்பது பள்ளிக்கூட விமானம்தான்.

ஏன் போர் விமானத்தை விட்டு இதைப் பிடித்தார்கள்? சிக்கனம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இது மெதுவாகப் போகும். மெதுவாகப் போனால் சின்ன வட்டத்தில் திரும்பலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மணிக்கு 460 கிலோமீட்டர் வேகத்தில், உடம்பு எடை நாலு மடங்கு அழுத்துகிற மாதிரி வளைத்தால் வட்டத்தின் ஆரம் 440 மீட்டருக்குள் அடங்கும். அதே அழுத்தத்தில் 830 கிலோமீட்டர் வேகம் என்றால் ஏறக்குறைய 1,400 மீட்டர் ஆகும். ஐந்து ரோட்டில் நின்று வேடிக்கை பார்க்கிறீர்கள் என்று வையுங்கள், பழைய பயிற்சி ஜெட் உங்கள் கண்ணெதிரிலேயே சுற்றிச் சுற்றி வரும், வேகமான போர் விமானம் ஒரு சத்தம் போட்டுவிட்டு ஜங்ஷன் பக்கம் காணாமல் போய், அது திரும்பி வருவதற்குள் நீங்கள் ஒரு தட்டுவடை செட்டை முடித்துவிடலாம். அணியாக ஆடும்போது ஒருவர் போனால் இன்னொருவர் வந்துவிடுவார். தனி ஆட்டக்காரருக்கு அந்த வசதி இல்லை.

இந்த இடைவெளியை மறைக்கத்தான் டெர்ரி டர்ன் என்ற வித்தை இருக்கிறது. இடது பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் விமானம் வலது பக்கம் மாற வேண்டுமானால் நிமிர்ந்துதான் சாயும், அது இயல்பு. இதில் நிமிராமல் தலைகீழாக உருண்டு மறுபக்கம் போய்விடுவார்கள். பார்க்கிறவருக்கு ஒரு நொடி வயிறு கலங்கும். அதைக் கண்டுபிடித்த ஜான் டெர்ரி 1952 செப்டம்பர் 6-ல் ஃபார்ன்பரோ காட்சியில் தன் டி.ஹெச்.110 விமானம் நடுவானில் பிய்ந்து இறந்தார், அவரோடு இருந்தவரும் கீழே நின்ற 29 பேரும் போனார்கள். கூட்டத்தை நோக்கிப் பறக்கக் கூடாது, இத்தனை தூரம் தள்ளித்தான் பறக்க வேண்டும் என்ற விதிகள் இறுகியது அதற்குப் பிறகுதான்.

ஒன்றை விட்டுவிட்டேன். ஜெட் ப்ரோவோஸ்ட் போருக்கே போகவில்லை என்று சொல்ல முடியாது. 1959-ல் இலங்கை விமானப்படை பன்னிரண்டு வாங்கியது, 1971 கிளர்ச்சியின்போது அவற்றைக் குண்டு போடப் பயன்படுத்தினார்கள். இதே உடம்பை இன்னும் பலப்படுத்தி ஸ்ட்ரைக்மாஸ்டர் என்ற தாக்குதல் விமானத்தையும் செய்தார்கள். உங்கள் வீடியோவில் இருப்பது ஓய்வு பெற்ற பிறகு தனியார் கைக்குப் போன ஒன்றாக இருக்கும், அங்கே அப்படி நிறைய விற்றார்கள்.

சூரமங்கலம் வாசகர்: நம் நாட்டில் இந்த மாதிரி பழைய ஜெட் எதுவும் ஆடியதில்லையா?

ஆடியதாவது! கிரண். பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வி.எம். காட்கே குழு வடிவமைத்தது, 1964 செப்டம்பர் 4-ல் முதலில் ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். பெரிய மனிதர், நம் முதல் போர் ஜெட்டான மாருத்தையும் முதலில் வானத்தில் ஏற்றியவர் அவர்தான், 1970 ஜனவரியில் அந்த மாருத்தின் ஒரு புது வகையைச் சோதிக்கும்போதுதான் இறந்தார்.

முதல் கிரணில் நான் மேலே சொன்ன வைப்பர் இன்ஜின். 1976-ல் வந்த இரண்டாம் வகையில் ஆர்ஃபியஸ், அது நாட் விமானத்து இன்ஜின், வைப்பரைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இழுவை. அந்த இரண்டாம் வகையை வைத்துத்தான் 1996-ல் பீதரில் சூர்யகிரண் அணி தொடங்கியது. பெயரிலேயே கிரண் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 2011-ல் பயிற்சிக்கே விமானம் பற்றவில்லை என்று அணியை நிறுத்தி கிரண்களைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார்கள், இப்போது மெரினாவில் பார்த்த சூர்யகிரண் ஹாக்கில் பறக்கிறது. கடற்படையும் சாகர் பவன் என்று கிரண் அணி வைத்திருந்தது. 2010 மார்ச்சில் ஹைதராபாத் காட்சியில் அதில் ஒன்று விழுந்து இருவர் இறந்தார்கள்.

நான் தாம்பரம் பக்கம் படித்த மூன்று வருஷமும் கிரண் சத்தத்தில்தான் பகல் தூக்கம் போடுவேன். அங்கே விமானப் பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளி இருக்கிறது, வாத்தியாருக்கு வாத்தியார் பாடம் நடத்தும் இடம். இடி மாதிரி சத்தம் இல்லை அது, விசில் கலந்த சீறல், குக்கர் மூன்றாவது விசிலுக்கு முன்னால் இழுக்குமே அப்படி. பிற்பாடு பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் பக்கத்தில் நின்று பார்த்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது, இவ்வளவு குள்ளமா என்று. இறக்கையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு டீ குடிக்கலாம், அத்தனை தாழ்வு. அப்புறம் காக்பிட்டை எட்டிப் பார்த்தேன். இரண்டு சீட்டும் தோளோடு தோள். மாணவன் கை எங்கே இருக்கிறது, கால் எதை மிதிக்கிறது என்று வாத்தியார் கண்ணாலேயே பார்க்கலாம், அதற்குத்தான் இந்த அமைப்பு. ஆனால் தனி ஆட்டம் ஆடுகிறவருக்கு அதுவே தொல்லை. அவர் இடது சீட்டில் இருந்தால் வலது பக்கம் கீழே தரை தெரியாது, பக்கத்துச் சீட்டு மறைக்கும். இடப்பக்கம் திரும்புவதும் வலப்பக்கம் திரும்புவதும் அவருக்கு ஒன்றாக இருக்காது. காலியாக இருக்கும் சீட்டின் பெல்ட்டுகளை இழுத்துக் கட்டி வைப்பதும் முக்கியம். தலைகீழாகப் போகும்போது ஒரு வார் அவிழ்ந்து ஸ்டிக்கில் மாட்டினால் கதை கந்தல்.

ஏற்காடு வாசகி: லூப் போடும்போது உச்சியில் தலைகீழாக இருக்கிறதே, ஏன் விழுவதில்லை? அதற்கு எவ்வளவு உயரம் வேண்டும்? எங்கள் ஊர் உயரம் போதுமா?

நல்ல கேள்வி, அதுவும் ஏற்காட்டில் இருந்து வந்தது இன்னும் நல்லது.

சின்ன வயதில் போஸ் மைதானப் பொருட்காட்சிக்குப் போயிருப்பீர்கள், மரணக் கிணறு ஞாபகம் இருக்கிறதா? பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் படுத்தவாக்கில் சுற்றும், நாம் மேலே விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்போம், பலகையெல்லாம் கிடுகிடுவென்று ஆடும். அந்த ஆள் விழாததற்குக் காரணம் வேகம். வேகம் அவரைச் சுவரோடு அழுத்துகிறது, அழுத்தம் இருக்கிறவரை டயருக்குப் பிடி இருக்கிறது. லூப்பிலும் அதேதான், பலகைக்குப் பதில் இறக்கையில் காற்று. விமானம் வளைந்துகொண்டே இருப்பதால் பைலட் உச்சியில் தலைகீழாக இருந்தாலும் சீட்டோடுதான் ஒட்டியிருப்பார், நன்றாகப் போடும் லூப்பில் மடியில் வைத்த பேனாகூட மேலே விழாது.

ஆனால் மரணக் கிணற்றுக்காரருக்கு ஆக்ஸிலரேட்டர் கையில் இருக்கிறது, முறுக்கினால் உடனே வேகம். பழைய ஜெட் அப்படி இல்லை. த்ராட்டிலைத் தள்ளினால் இன்ஜின் முழுச் சுற்றுக்கு வரப் பல நொடி ஆகும், பெருமாள் கோயில் தேர் மாதிரி. அதனால் லூப் தொடங்கும்போது என்ன வேகம் வைத்திருக்கிறோமோ அதுதான் கையிருப்பு. ஏற ஏற வேகம் செலவாகி உயரமாக மாறும், இறங்க இறங்க உயரம் செலவாகி வேகமாக மாறும். மலைப்பாதை பஸ்ஸில் டிரைவர் ஏற்றத்துக்கு முன்னால் ஒரு மிதி மிதித்து வைப்பார் பாருங்கள், அதே புத்தி.

இப்போது உயரத்துக்கு வருவோம். சேலம் கடல் மட்டத்தில் இருந்து 278 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். இடைவெளி 1,237 மீட்டர், விமானக்காரர்கள் கணக்கில் ஏறக்குறைய 4,060 அடி. 2015 ஆகஸ்ட் 22-ல் இங்கிலாந்தின் ஷோர்ஹாமில் ஹண்டர் டி.7 என்ற பழைய பயிற்சி ஜெட் ஒன்று லூப் வகை வித்தை ஒன்றைப் போட்டது. அந்த வித்தைக்கு உச்சியில் குறைந்தது 3,500 அடி இருந்தாக வேண்டும். இருந்தது 2,700 அடி. லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்க்கிறீர்களே, அந்த மலையில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டு, போதும் என்று அங்கிருந்தே கவிழ்ந்து இறங்கிய கணக்கு. கீழே நெடுஞ்சாலை. 11 பேர் செத்தார்கள், பைலட் பிழைத்தார்.

ஏன் உயரம் குறைந்தது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது: 350 நாட் (இது விமானக்காரர்களின் வேக அளவு, நாட் விமானம் இல்லை) வேகத்தில் தொடங்க வேண்டியதை 310 நாட்டை ஒட்டித் தொடங்கியிருக்கிறார், மேலேறும்போது இன்ஜினும் முழு இழுவையில் இல்லை. வேகம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தானே குறைவு என்று தோன்றும். கையிருப்பு வேகத்தின் வர்க்கமாகக் குறையும், அதனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. சரி, உச்சியில் போனபோதே உயரம் பற்றாது என்று தெரிந்தால் என்ன செய்யலாம்? லூப்பை முடிக்காமல் அப்படியே உருட்டி நிமிர்த்திக்கொண்டு நேராகப் போய்விடலாம். ஆட்டம் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். இந்த ஒரு முடிவுக்காகத்தான் உச்சியில் இத்தனை அடி, இத்தனை வேகம் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, அங்கே ஒரு கண் மீட்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, தனி ஆட்டக்காரரின் திறமை முழுக்க அந்த ஒரு நொடியில் இருப்பதாகத்தான் படுகிறது. ரோல் போட யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

அந்த விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் பழைய ஜெட்டுகள் நிலப்பகுதிக்கு மேல் சாகசம் செய்வதற்குக் கட்டுப்பாடு வந்தது, நேராகப் பறந்து காட்டிவிட்டுப் போ என்றார்கள். பழைய ஜெட்டின் தனி ஆட்ட வரலாற்றில் அதற்கு முன், அதற்கு பின் என்று கோடு கிழிக்கலாம். அந்த விமானத்தில் இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் வெடிமருந்துக் குப்பிகள் காலாவதியானவை என்பதும் அப்போது வெளியே வந்தது. அறுபது வருஷ விமானத்துக்கு உதிரி எங்கே கிடைக்கும், செவ்வாய்ப்பேட்டைக் கடையிலா?

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: சேலத்து ஓடுபாதையை ஒட்டித் தொடங்கினால் ஒரு நல்ல ஹண்டர் லூப்பின் உச்சி ஏற்காட்டுக்குக் கொஞ்சம் கீழே முடியும். உங்கள் வீட்டு வாசலில் இருந்து பைலட்டின் தலையை, அதுவும் தலைகீழாக, நேருக்கு நேர் பார்க்கலாம். சித்திரையில் மட்டும் கூப்பிடாதீர்கள். நாற்பது டிகிரி வெயிலில் காற்று இங்கிலாந்துக் காற்றைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு மெலிந்திருக்கும், இன்ஜின் இழுவையும் குறையும், லூப்பும் பெரிதாகும்.

அஸ்தம்பட்டி வாசகர்: வண்ணப் புகை எப்படி? கோலப்பொடியா?

டீசல். சூடான புகைபோக்கிக்குள் டீசலைப் பீய்ச்சினால் ஆவியாகி, வெளிக்காற்று பட்டதும் வெள்ளை மூடுபனி மாதிரி ஆகிவிடும். நிறம் வேண்டுமென்றால் டீசலில் சாயம். தனி விமானத்துக்குப் புகை அலங்காரம் மட்டுமில்லை, எங்கே திரும்பினார், வட்டம் வட்டமாக வந்ததா பூசணிக்காயாக வந்ததா என்று ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

காமலாபுரம் வாசகர்: எங்கள் ஊர் விமான நிலையத்தில் இப்படி ஒரு பழைய ஜெட் வந்து ஆடுமா?

ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர் இருக்கிறது, கிரண் மாதிரி விமானத்துக்கு இறங்கி ஏற அது போதும். சேர்வராயன் மலை ஒரு பக்கம் நிற்பதால் ஆட்டத்தை மறுபக்கமாகத் திருப்பிப் போட வேண்டியிருக்கும். ஆனால் விமானத்துக்கு எங்கே போவது? விமானப்படை பாதுகாத்துப் பறக்கவிடும் பழைய விமானங்கள் டகோட்டா, ஹார்வர்டு, டைகர் மாத், மூன்றுமே காற்றாடி வகை. கிரணுக்குப் பதிலாக வர வேண்டிய சித்தாராவோ 2003-ல் முதலில் பறந்தும் சுழல் விழுகைச் சிக்கலில் மாட்டி வருஷக்கணக்காக இழுத்தது. அதனாலேயே கிரண்களுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. இனியாவது ஒன்றிரண்டை நல்ல நிலையில் எடுத்து வைத்து வருஷத்துக்கு நாலு நாள் பறக்கவிட்டால் என்ன என்பது என் ஆசை. நூற்றுக்கணக்கில் செய்ததில், தூணில் குத்தி வைத்து வெயிலில் காய்கிறவைதான் கண்ணில் படுகின்றன.

ஓமலூர், ஏழாம் வகுப்பு மாணவன்: காகித விமானம் லூப் போடுமா அங்கிள்?

போடும் தம்பி. இறக்கையின் பின் ஓரத்தை இரண்டு பக்கமும் ஒரே அளவு கொஞ்சம் மேலே மடி. மெதுவாக விட்டால் மூக்கைத் தூக்கி, நின்று, தலைகுப்புற விழும். அதையே ஓங்கி வீசினால் முழு வட்டம் அடித்து உன் காலடிக்கே வரும். இரண்டையும் பத்துத் தடவை செய்து பார், மேலே ஏற்காட்டு அக்காவுக்கு நான் ஒரு பக்கம் எழுதியது உனக்கு ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும். மொட்டை மாடியில் வைத்துக்கொள், லேடீஸ் சீட்டில் வேண்டாம். அங்கிருந்து போட்டால் எடுத்துவர இருபது வளைவு இறங்க வேண்டும்.